ஆட்டைக்கு வரலை: 1974 டேவிஸ் கோப்பையும் மறுத்தலின் அரசியலும்

1

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மாதம் ஒருமுறை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுவது வழக்கம். புத்தகம் பேசத்தான் கூடுகிறோம். ஆனால் பேச்சு எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு கூட்டத்தில் பேச்சு பாகிஸ்தானோடு விளையாடலாமா கூடாதா என்பதில் வந்து நின்றது. 'விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது' என்றார் ஒரு நண்பர். 'கலக்காம எப்ப இருந்துச்சு?' என்றார் இன்னொருவர். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்த தோழர் ஒருவர் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: 'தம்பி, எழுபத்தி நாலுல நம்ம டென்னிஸ் டீம் ஃபைனல் வரைக்கும் போச்சு. தென்னாப்பிரிக்காக்காரனோட ஆட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. கப்பு அவனுக்குப் போயிடுச்சு. அது தப்பா, ரைட்டா? அத மொதல்ல சொல்லுங்க, அப்புறம் மத்ததப் பேசலாம்.'

கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த விஷயமே தெரியாது. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. ஒரு தேசிய அணி வெல்லக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு ஆட மறுக்கிறது. இந்த மறுப்பு எப்படிப்பட்ட செயல்? இதை யாருடைய செயலாகக் கணக்கில் எழுதுவது?

நம் பக்கத்துப் பிள்ளைகளின் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. 'உன்னை ஆட்டைக்குச் சேர்த்துக்க மாட்டோம்' என்பது ஒன்று. 'நான் ஆட்டைக்கு வரலை' என்பது மற்றொன்று. முதலாவது விலக்குவது, இரண்டாவது விலகுவது. பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் கடைசியில் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ஆனால் அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் இவை நேர் எதிரானவை. 1974இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும் என்று நினைக்கிறேன். அன்று நடந்தது, ஆட்டைக்குச் சேர்த்துக்கொள்ளப்படாதவர்களுக்காக வேறொருவர் ஆட்டைக்கு வராமல் இருந்தது.

2

முதலில் இந்தப் போட்டியின் அமைப்பைப் பார்த்துவிடலாம். டென்னிஸ் தெரியாத தோழர்களுக்கும் இது தேவை. ஏனெனில் அரசியல் இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது.

டேவிஸ் கோப்பை 1900இல் தொடங்கியது. ட்வைட் டேவிஸ் என்ற அமெரிக்கர் கோப்பையை அளித்தார். முதல் போட்டி பாஸ்டனில் அமெரிக்காவுக்கும் பிரிட்டிஷ் தீவுகளுக்கும் இடையே நடந்தது. இந்தியா முதலில் ஆடியது 1921இல். அதாவது இந்தியா என்ற சுதந்திர அரசு உருவாவதற்கு 26 ஆண்டுகள் முன்பே 'இந்தியா' என்ற அணி வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறது. தேசம் முதலில் பிறந்து அதன் பிறகு அணி உருவாகும் என்றுதான் நாம் இயல்பாக நினைக்கிறோம். பல காலனி நாடுகளில் வரிசை மாறியிருக்கிறது. தேசம் என்ற கற்பிதத்தைக் கட்டிய செங்கற்களில் விளையாட்டு அணியும் ஒன்று.

ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடக்கும் மோதலை 'டை' என்கிறார்கள். அன்று அதில் ஐந்து ஆட்டங்கள் இருந்தன: நான்கு ஒற்றையர், ஒன்று இரட்டையர். மூன்றை வென்ற நாடு அடுத்த சுற்றுக்குப் போனது. 1974இல் இது மூன்று நாள் திருவிழா. வேண்டுமானால் இரண்டே பேர் ஐந்து ஆட்டங்களையும் ஆடி முடித்துவிடலாம். கோடிக்கணக்கான மக்களைக் கொண்ட கற்பனைச் சமூகம் பதினொரு பேர் கொண்ட கால்பந்து அணியாக நிற்கும்போது கூடுதலாக நிஜமாகிவிடுகிறது என்று வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் கவனித்திருக்கிறார். டேவிஸ் கோப்பையில் பதினொன்றுகூட வேண்டாம், இரண்டு உடல்கள் போதும். 1974இல் முன்னணியில் நின்ற இரண்டு உடல்களும் மதராஸைச் சேர்ந்தவை: விஜய் அமிர்தராஜ், அவருடைய அண்ணன் ஆனந்த் அமிர்தராஜ்.

இன்னொரு விஷயம் தரை. போட்டியை நடத்தும் நாடு, புல்லா செம்மண்ணா என்று தானே முடிவு செய்யும். நம்மவர்கள் புல்தரை ஆட்டக்காரர்கள். 1987இல் இந்தியா இறுதிப்போட்டிக்குப் போனபோது சுவீடன் கோத்தன்பர்க்கில் ஒரு உள்ளரங்கத்தில் செம்மண் தரை போட்டு 5-0 என்று வென்றது. ஆக இது வெறும் பந்தாட்டமாக மட்டும் இருப்பதில்லை. யார் மண்ணில் யார் கால் வைப்பது என்ற பிரச்சினையும் சேர்ந்தே இருக்கிறது. ஆடுபவர் விசா வாங்க வேண்டும், விமானம் ஏற வேண்டும், அந்த நாட்டின் கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும்.

விம்பிள்டனிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுதான். விம்பிள்டனில் ஆடுபவர் தன் பெயரில் ஆடுகிறார். டேவிஸ் கோப்பையில் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறது, நாட்டின் பெயர் முன்னே வருகிறது. 1974ஆம் ஆண்டு விம்பிள்டனில் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர்களும் இந்திய ஆட்டக்காரர்களும் ஒரே போட்டியில்தான் இருந்தார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. அதே ஆண்டு, அதே ஆட்கள், கொடியைப் போர்த்திக்கொண்டு எதிரெதிரே நிற்பதுதான் முடியாது என்றானது. இதை முரண்பாடு என்று சிலர் அன்றே கேலி செய்திருப்பார்கள். எனக்கு இது முரண்பாடாகப் படவில்லை. மறுக்கப்பட்டது, ஒரு அரசை மற்ற அரசுகளைப் போல ஒரு சாதாரண அரசாக ஏற்றுக்கொள்வது. எதிர்ப்பக்கம் நிற்கும் தனிமனிதர் மறுக்கப்படவில்லை.

3

1974க்கு முன்பே இந்தியா ஒருமுறை உச்சம் வரை போயிருந்தது. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ராமநாதன் கிருஷ்ணன் தோற்கும் நிலையிலிருந்து மீண்டு தாமஸ் காக்கை வென்றார். நாகர்கோவிலில் பிறந்து, தென்காசியில் தகப்பனாரிடம் மட்டை பிடிக்கக் கற்றவர் அவர். அந்த டிசம்பரில் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 4-1 என்று தோற்றது. ஆஸ்திரேலியா அன்று டென்னிஸின் ஏகாதிபத்தியம்.

1974 மே மாதம் அந்த ஆஸ்திரேலியாவைக் கல்கத்தாவில் இந்தியா 3-2 என்று வீழ்த்தியது. டேவிஸ் கோப்பையில் அப்போது 'டை-பிரேக்' கிடையாது. ஒரு செட் முடியும் வரை போய்க்கொண்டே இருக்கும். அந்த ஒரு டையில் மட்டும் 327 கேம்கள் ஆடப்பட்டன. அது ஒரு சாதனை. பிறகு புனேயில் சோவியத் அணியை வென்று இந்தியா இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது. மறுபக்கம் ஜோகன்னஸ்பர்க்கில் இத்தாலியை வென்று தென்னாப்பிரிக்கா வந்து நின்றது.

தென்னாப்பிரிக்கா அந்த இடத்துக்கு வந்ததே ஒரு தனிக் கதை. நிறவெறி அரசு ஒலிம்பிக்கிலிருந்து 1964இலேயே ஒதுக்கப்பட்டு, 1970இல் வெளியேற்றப்பட்டது. விளையாட்டு உறவுகளை முறித்துக்கொள்ளும்படி ஐ.நா. பொதுச்சபை 1968இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. டேவிஸ் கோப்பையில் 1969இல் போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்தன. கறுப்பின அமெரிக்க ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷுக்கு அந்த அரசு விசா மறுத்தது. 1970இல் தென்னாப்பிரிக்கா போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் 1973இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவின் தெற்கு முனையில் இருக்கும் நாட்டை அமெரிக்க மண்டலத்தில் சேர்த்தார்கள். பூகோளத்தை மாற்றியாவது இடம் கொடுத்தாக வேண்டும் என்ற அக்கறை.

இந்தியா ஆடுவதில்லை என்று முடிவாயிற்று. அரசின் கொள்கையும் டென்னிஸ் சங்கத்தின் முடிவும் அதுவே. டேவிஸ் கோப்பை வரலாற்றில் ஆடப்படாமலேயே முடிந்த முதல் இறுதிப்போட்டி அது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இன்றைக்கும் வென்றவர் பட்டியலில் 1974க்கு நேராக இருப்பது தென்னாப்பிரிக்காவின் பெயர்தான். எதிரே 'வாக்-ஓவர்' என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லிலும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. 'வாக்-ஓவர்' என்றால் எதிரி வராததால் ஒருவன் நடந்துபோய் வென்றுவிட்டான் என்று பொருள். வென்றவனின் பக்கத்திலிருந்து உருவான சொல் அது. வராதவன் ஏன் வரவில்லை? காய்ச்சலா, பயமா, கொள்கையா? அந்தச் சொல்லுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தமிழில் 'விட்டுக்கொடுத்தல்' என்று எழுதுவதுண்டு. அது இன்னும் மோசம். 1974இல் எதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆவணத்தின் மொழியில் மறுப்புக்குச் சொல் கிடையாது. அதனால்தான் மறுப்பின் வரலாறு வாய்மொழியாக, ஒரு டீக்கடைப் பேச்சில், ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளியின் ஞாபகத்தில் வந்து சேர்கிறது.

4

மறுப்பு என்றாலே அது முற்போக்கு என்று நம்மில் சிலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. அப்படி இல்லை. தமிழ்ச் சமூகத்துக்குப் 'புறக்கணிப்பு' என்ற ஆயுதம் காந்தியார் சொல்லித்தான் தெரியும் என்பதும் இல்லை. அதற்கு வெகு காலம் முன்பே ஊர்க்கட்டுப்பாடு இருந்தது, தள்ளிவைத்தல் இருந்தது. தண்ணீர் எடுக்க விடாதே, கடையில் சாமான் கொடுக்காதே, வயலில் வேலை கொடுக்காதே என்று சாதிப் பஞ்சாயத்து சொல்வதும் ஒருவகைப் புறக்கணிப்புதான். இழவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று தலித் மக்கள் சொல்வது இன்னொரு வகை. வடிவத்தை மட்டும் பார்த்தால் இரண்டிலும் 'மாட்டேன்' என்ற ஒரே வினைதான். முதலாவது ஆட்டைக்குச் சேர்க்காதது. இரண்டாவது ஆட்டைக்கு வராதது. எனவே மறுப்பைப் பார்த்ததும் கைதட்டாமல் யார் கேட்டதால் இந்த மறுப்பு என்று பார்க்க வேண்டும்.

1974இல் கேட்டவர்கள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவுக்குள் நிறபேதமற்ற விளையாட்டுச் சங்கங்களைக் கட்டியவர்கள்தான் வெளிநாடுகளைப் பார்த்து 'எங்கள் அரசோடு ஆடாதீர்கள்' என்று கேட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் புரூட்டஸ். இவர் ஒரு கவிஞர் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1963இல் தப்பிக்க முயன்றபோது போலீஸ் இவரைச் சுட்டது. பிறகு ராபன் தீவுச் சிறை. 1966இல் நாட்டைவிட்டு வெளியேறி, லண்டனிலிருந்து விளையாட்டுப் புறக்கணிப்பை ஒருங்கிணைத்தார். இயல்பற்ற ஒரு சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்பது 1970களில் அங்கே எழுந்த முழக்கம்.

'இயல்பற்ற' என்றால் என்ன என்பதற்கு ஒரு காட்சி. சியூசங்கர் 'பப்வா' செவ்கோலம் என்று ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல். வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்கிச் சுமக்கும் பையனாக இருந்து ஆட்டம் கற்றவர். 1963இல் டர்பனில் நேட்டால் ஓபன் போட்டியில் வெள்ளையர்களைத் தோற்கடித்து வென்றார். கிளப் கட்டிடத்துக்குள் அவர் நுழைய முடியாது. எனவே பரிசைக் கட்டிடத்துக்கு வெளியே மழையில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகமெல்லாம் போனது. வென்றாலும் உள்ளே வராதே என்பதுதான் நிறவெறியின் இலக்கணம். நமக்கு இது புதிதா என்ன?

1860இல் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலான 'ட்ரூரோ' டர்பனுக்குப் புறப்பட்டது மதராஸ் துறைமுகத்திலிருந்துதான். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் தமிழ் பேசியவர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை 1914இல் இறந்தது அந்த மண்ணில். 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்துக்கொண்டு ஐ.நா.வுக்குப் பிரச்சினையைக் கொண்டுபோனபோது, அங்கிருந்த இந்தியர்களின் உரிமைதான் முதலில் முன்னே நின்றது. பிறகுதான் அது கறுப்பின மக்கள் அனைவருக்குமான குரலாக விரிந்தது. 'நம்மாளுக்காக' என்பதிலிருந்து 'எல்லாருக்காக' என்ற இடத்துக்கு வர ஒரு அரசுக்கும் காலம் பிடித்திருக்கிறது.

இங்கே ஆர்தர் ஆஷ் எடுத்த வேறொரு பாதையையும் சொல்ல வேண்டும். 1973இல் விசா கிடைத்ததும் அவர் ஜோகன்னஸ்பர்க் போனார். பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு ஆடினார். ஒரு கறுப்பு உடல் அங்கே சுதந்திரமாக நடமாடுவதைப் பார்ப்பதே ஒரு கல்வி என்று கருதினார். அங்கிருந்த கறுப்பின இளைஞர்கள் சிலர், நீ வந்தது இந்த அரசுக்குத்தான் உதவும் என்று அவரிடமே வாதாடினார்கள். பின்னாளில் ஆஷ் புறக்கணிப்பின் பக்கம் வந்தார். 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். போய் உடைப்பதா, போகாமல் உடைப்பதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. ஆஷுக்கு விடை சொன்னவர்கள் அந்த மண்ணில் விலக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் சொன்னதை அவர் காதுகொடுத்துக் கேட்டார். அவரிடம் நான் மதிப்பது இதைத்தான்.

அப்படியானால் விஜய், ஆனந்த்? அவர்களை யாரும் கேட்கவில்லை. விஜய்க்கு அப்போது இருபது வயது. ஒரு ஆட்டக்காரரின் உடலுக்கு உச்சம் என்பது சில ஆண்டுகள்தான். வெல்ல நல்ல வாய்ப்பு இருந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எடுத்த முடிவு சரி என்றும் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். இழப்பு இல்லாதது போல நாம் பேசினால் மறுப்பு மலிவாகிவிடும். 1987இல் விஜய், ஆனந்த், ரமேஷ் கிருஷ்ணன் ஆகியோர் இன்னொரு முறை இறுதிப்போட்டிக்குப் போய்த் தோற்றார்கள். இந்தியா இதுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை.

5

மறுபடி அம்பத்தூர் கூட்டத்துக்கு வருகிறேன். 1974 மறுப்பைப் பற்றி நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன். அந்த மூத்த தோழர் சிரித்துக்கொண்டே இடைமறித்தார். 'சரி தம்பி. அதே வருஷம் மே மாசம் நாங்க வேலைக்கு வரலைன்னோம். எங்க ஆளுங்களை எல்லாம் உள்ள புடிச்சுப் போட்டாங்க. வருஷக் கடைசில அவங்க ஆட்டைக்கு வரலைன்னாங்க. ஊரே கை தட்டுச்சு. ரெண்டும் ஒரே கவர்மெண்டுதான?'

நான் வாயடைத்துப் போனேன். 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தம் சுதந்திர இந்தியா கண்ட மிகப் பெரிய தொழிலாளர் மறுப்புகளில் ஒன்று. பல லட்சம் பேர் கலந்துகொண்டார்கள், ஆயிரக்கணக்கில் கைது. கல்கத்தாவில் 327 கேம்கள் ஆடப்பட்டதும் அதே மே மாதம். அடுத்த ஆண்டு ஜூனில் நெருக்கடி நிலை. அதாவது ஜோகன்னஸ்பர்க்கைப் பார்த்து 'மாட்டேன்' சொல்லத் தெரிந்த அரசு, தன் தொழிலாளி சொன்ன 'மாட்டேன்' என்ற சொல்லைக் குற்றமாக்கியது. மறுக்கும் உரிமையைத் தனக்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொள்வது அரசின் குணம். கோப்பையை மறுத்தால் அது கொள்கை. ஷிஃப்ட்டுக்குப் போக மறுத்தால் அது சட்டவிரோதம்.

இதற்காக 1974 மறுப்பு போலி என்று சொல்ல மாட்டேன். அதன் பலன் தென்னாப்பிரிக்க மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1970களின் முடிவில் அந்த நாடு டேவிஸ் கோப்பையிலிருந்து மறுபடி வெளியேற்றப்பட்டது. நிறவெறிச் சட்டங்கள் சரிந்த பிறகுதான், 1992இல், திரும்ப வந்தது. ஒரு மறுப்பு தனியாக எதையும் சாய்ப்பதில்லை, பல மறுப்புகளின் வரிசையில் ஒன்றாகிறது. ஆனால் அரசின் மறுப்பை அப்படியே நம் மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தோழரின் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது.

அரசுகளின் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். 1987 டேவிஸ் கோப்பையில் இஸ்ரேல் அணி புது தில்லிக்கு வந்து ஆடியது, இந்தியா வென்றது. அப்போது இரு நாடுகளுக்கும் முழுத் தூதரக உறவே கிடையாது; அது 1992இல்தான் ஏற்பட்டது. 1974இல் ஒரு நியாயம், 1987இல் வேறொரு நியாயம். இடையில் மாறியது அரசின் கணக்கு. பாலஸ்தீனர்களின் நிலைமை மாறிவிடவில்லை.

1976இல் சிலி. பினோசேயின் ராணுவ ஆட்சிக்கு எதிராகச் சோவியத் அணி ஆட மறுத்தது, அதனால் சிலி இறுதிப்போட்டிக்குப் போனது. இத்தாலி சாண்டியாகோவுக்குப் போவதா வேண்டாமா என்று இத்தாலிய இடதுசாரிகளுக்குள் பெரிய சண்டை. போகாவிட்டால் கோப்பை சர்வாதிகாரியின் கைக்குப் போகும் என்ற வாதமும் இருந்தது. 1974 அப்படித்தானே முடிந்தது! கடைசியில் போனார்கள். இரட்டையர் ஆட்டத்தில் பனாட்டாவும் பெர்டொலுச்சியும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். சாண்டியாகோவில் அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. வென்றார்கள். ஆடிக்கொண்டே மறுப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது.

இப்போது பாகிஸ்தான். 2019இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய டை, பாதுகாப்புக் காரணம் காட்டப்பட்டுக் கஜகஸ்தானுக்கு மாற்றப்பட்டது. அதை எதிர்த்துப் பாகிஸ்தானின் மூத்த ஆட்டக்காரர் ஐசாம்-உல்-ஹக் குரேஷி ஆட மறுத்தார். இவர் 2002 விம்பிள்டனில் இஸ்ரேலியரான அமீர் ஹதாதோடு ஜோடி சேர்ந்ததற்காகச் சொந்த நாட்டில் திட்டு வாங்கியவர். 2010 அமெரிக்க ஓபனில் நம் ரோஹன் போபண்ணாவோடு சேர்ந்து இறுதிப்போட்டி வரை போனவர். தனிப் பெயரில் ஆடும்போது எல்லை தாண்டிய ஜோடி, கொடியின் கீழ் வந்ததும் எதிரெதிர் முகாம். 2024 பிப்ரவரியில் இந்திய அணி இஸ்லாமாபாத் போய் ஆடி 4-0 என்று வென்றது. அங்கே இந்தியாவின் டேவிஸ் கோப்பை அணி போனது 60 ஆண்டுகளுக்குப் பிறகு. நம் சென்னையின் ராம்குமார் ராமநாதனும் அந்த அணியில் இருந்தார். ஆகாயம் இடிந்து விழுந்துவிடவில்லை.

2022இல் ரஷ்யாவும் பெலாரஸும் நீக்கப்பட்டபோது, 1974இல் நாம் பார்த்த அதே தர்க்கம் திரும்ப வந்தது. நாடு கூடாது, கொடியில்லாமல் தனியாள் ஆடலாம். ஆனால் இந்தத் தர்க்கம் எந்தெந்த நாட்டுக்குப் பொருந்தும், எந்த நாட்டுக்குப் பொருந்தாது என்பதைச் சர்வதேச சம்மேளனங்களின் அறைகளில் தீர்மானிக்கிறார்கள். குண்டு விழும் ஊரில் இருப்பவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

6

கடைசியாக நம் வீட்டுக்கணக்கு. இதைப் பேசாமல் தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதினால் மனசாட்சி உறுத்தும்.

நான் வளர்ந்தது ஆவடிப் பக்கம். அப்பா எஸ்டேட்டில் லேத் பட்டறையில் டர்னர். எங்கள் தெருவுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் அதிகாரிகள் குடியிருப்பு. மதில் சுவருக்கு உள்ளே டென்னிஸ் கோர்ட். என் சித்தப்பா பையன் பள்ளி விட்டதும் அங்கே பந்து எடுத்துப் போடப் போவான். சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடினால் கொஞ்சம் காசு கிடைக்கும். அதைவிடப் பெரிய சம்பளம், ரோமம் தேய்ந்துபோன பழைய பந்து. அந்தப் பந்தில்தான் எங்கள் தெரு முழுக்கக் கிரிக்கெட் ஆடியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்து என்றால் கிரிக்கெட் பந்துதான். டென்னிஸ் எங்களுக்கு வந்து சேர்ந்தது அதன் கழிவாக மட்டுமே. மட்டை வரவில்லை, கோர்ட் வரவில்லை, பந்தின் தேய்ந்த உடல் மட்டும் வந்தது.

நான்கு வருடம் போனான். ஒருநாள் ஆள் குறைகிறது என்று அவன் மட்டையைக் கையில் எடுத்திருக்கிறான். இரண்டு அடி அடித்தான், நன்றாகவே அடித்தான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அதோடு சரி. மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவன் வந்து சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: 'பந்து பொறுக்கலாமாம்டா, அடிக்கக் கூடாதாம்.' 'பொறுக்கி' என்பது நம் ஊரில் ஒரு வசவு. குனிந்து எடுக்கும் ஒரு வேலையின் பெயர் எப்படி வசவாயிற்று என்று தமிழ் எம்.ஏ. படித்தபோது எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

சென்னையில் டென்னிஸின் வரலாறே சேர்த்துக்கொள்ளாததின் வரலாறுதான். வெள்ளையர்களின் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லாதபோது புச்சிபாபு நாயுடு மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அவருடைய மகன் கோட்டா ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பையிலும், 1936இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் ஆடினார். நல்ல விஷயம்தான். ஆனால் வசதி படைத்த இந்தியர் தனக்கென்று திறந்த கதவு மற்றவர்களுக்கும் திறந்ததா? 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அனுமதி இல்லை. பிறகு அதற்கென்று சட்டமன்றம் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. நீதிபதிக்குச் சட்டம் வந்தது. பந்து பொறுக்கும் பையனுக்கு எது வரும்?

இன்று தமிழ்நாட்டிலிருந்து புதிய பெயர்கள் வருகின்றன. 2025 செப்டம்பரில் இந்தியா சுவிட்சர்லாந்து மண்ணில் வென்றபோது அணியில் ஆடியவர் மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ். ஐரோப்பிய மண்ணில் ஒரு ஐரோப்பிய நாட்டை இந்தியா வென்றது 1993இல் பிரான்சுக்குப் பிறகு அதுவே முதல் முறை. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டை, பந்து, பயிற்சி, பயணம் என்று ஆகும் செலவை ஒரு டர்னரின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால், ஆட்டைக்குச் சேராதவர் யார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

1974 மறுப்பை நான் ஆதரிக்கிறேன். விலக்கப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டு நடந்த மறுப்பு அது. மறுத்தவருக்கு உண்மையான இழப்பும் இருந்தது. அந்தத் தோழரின் கேள்விக்கு என் பதில், 'ரைட்டு' என்பதே. ஆனால் இனி யாராவது 'ஆட மாட்டோம்' என்று கொடியை உயர்த்தும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கைதட்டலாம். இதை யார் கேட்டார்கள்? விலையை யார் கொடுக்கிறார்கள்? மறுப்பவர் தன் சொந்த ஊரில் யாரை ஆட்டைக்குச் சேர்க்காமல் வைத்திருக்கிறார்? மூன்றாவது கேள்விக்கு 1974இலும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

என் சித்தப்பா பையன் இப்போது பட்டாபிராமில் ஆட்டோ ஓட்டுகிறான். இந்தக் கட்டுரைக்காக 1974 கதையை அவனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'ஆட மாட்டேன்னு சொல்றதுக்கும் மொதல்ல யாராச்சும் ஆடக் கூப்பிடணும்ல?' என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தோழர்கள் எழுதலாம்.